போகும்போது கப்பல், வரும்போது விமானம்: யாழ்ப்பாணப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

நாகப்பட்டினத்துக்காரருக்குச் சென்னையைவிட இலங்கையின் காங்கேசன்துறைதான் பக்கம். சென்னைக்குச் சாலை வழியே போனால் 300 கிலோமீட்டர் தாண்டும். கடல் வழியே காங்கேசன்துறை ஏறக்குறைய 110 கிலோமீட்டர், கப்பலில் நாலு மணி நேரம். ஆனாலும் சென்னைக்குப் போக யாரும் திட்டம் போடுவதில்லை, பஸ் ஏறிவிடுகிறார்கள். காங்கேசன்துறைக்குத் திட்டம் இல்லாமல் முடியாது. இடையில் இரண்டு நாடுகளின் குடிவரவு மேசைகளும் பருவக்காற்றும் இருக்கின்றன.

இன்று தமிழ்நாட்டிலிருந்து வட இலங்கைக்கு நேராகப் போக இரண்டு வழிகள். ஒன்று நாகை–காங்கேசன்துறை பயணிகள் கப்பல். இன்னொன்று சென்னை, திருச்சி விமான நிலையங்களிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்குப் பறக்கும் விமானம். இரண்டையும் சேர்த்து, ஒரு வழி கடல், ஒரு வழி ஆகாயம் என்று போய் வர இப்போது பலர் விரும்புகிறார்கள். நல்ல ஆசைதான். எதை முதலில் வைப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் வழக்கமாக நினைப்பது இது: போகும்போது விமானத்தில் சீக்கிரம் போய்விடலாம், வரும்போது சாமான் நிறைய இருக்கும், கப்பலில் நிதானமாக வரலாம். நான் நேர்மாறாகச் சொல்வேன். நிச்சயமில்லாத பயணத்தை முதலில் வையுங்கள். போகிற நாளில் கப்பல் ரத்தானால் நீங்கள் சொந்த ஊரில் இருக்கிறீர்கள். நாளைக்குப் போகலாம், விமானத்துக்கு மாறலாம், வீட்டுக்கே திரும்பிவிடலாம். வருகிற நாளில் ரத்தானால் விடுப்பு முடிந்திருக்கும், கையில் காசு கரைந்திருக்கும், விசாவில் நாள் எண்ண வேண்டியிருக்கும்.

கப்பல் ஏன் நிச்சயமில்லை? இந்தச் சேவையின் குறுகிய வரலாறே பதில். 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற கப்பலோடு தொடங்கிய சேவை, வடகிழக்குப் பருவமழையால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு ஒரு தனியார் நிறுவனம் மறுபடி தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்தி, 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓட்டியது. அதற்கு முன்பு, 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு இடையே விடப்பட்ட ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ அதே ஆண்டு நவம்பரைத் தாண்டவில்லை. ஆகவே போன வருஷம் போய்வந்த நண்பர் சொல்லும் அட்டவணையையும் கட்டணத்தையும் நம்பி டிக்கெட் போடாதீர்கள். இலவசமாக எடுத்துச் செல்லும் சாமானின் எடைகூட மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த வாரத்து நிலவரத்தைப் பார்ப்பதுதான் சரி.

கடலுக்கும் ஒரு குணம் உண்டு. பாக் நீரிணையின் பெரும்பகுதி ஆழமற்றது. ஆழமற்ற கடலில் காற்று அடித்தால் அலை நீளமாக உருண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக மோதும். 150 பேர் போகிற கப்பலுக்கு அது பெரிய சோதனை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கப்பலை மறந்துவிடுங்கள். தை பிறந்து கடல் அடங்கிய பிறகு, மாசி, பங்குனியில் போவது உத்தமம்.

ஆகஸ்டின் பின்பாதியில் வேறு சிக்கல். நல்லூர் கந்தசாமி கோவில் திருவிழா 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. இந்தப் பக்கம் ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறி, செப்டம்பர் 8 வரை விழா. நாகையைச் சுற்றி விடுதி தேடுகிறவர்கள் அந்தப் பத்து நாளைத் தவிர்ப்பது நல்லது. விடுதி ஏன் தேட வேண்டும் என்றால், கப்பல் நாகையிலிருந்து காலையில் புறப்படுகிறது. சோதனைக்கும் குடிவரவு முத்திரைக்கும் அதற்கு வெகுநேரம் முன்பே துறைமுகத்தில் நிற்க வேண்டும். இரவு பஸ்ஸில் வந்து நேராக வரிசையில் நிற்கலாம் என்று துணிகிறவர்கள் உண்டு. வழியில் ஒரு டயர் வெடித்தால் கப்பல் காத்திருக்காது. முந்தைய மாலையே நாகையிலோ நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ தங்கிவிடுங்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே இல்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். ரயிலும் கப்பலும் ஒன்றுக்கொன்று காத்திருந்தன. அதனால்தான் அந்த ரயிலுக்கு போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளின் தொடக்கத்தில் நின்றுபோனது. இன்றைக்கு ரயில் டிக்கெட் ஒருவரிடம், கப்பல் டிக்கெட் ஒருவரிடம், விமான டிக்கெட் இன்னொருவரிடம். ஒன்று தாமதமானால் மற்றவர் பொறுப்பேற்க மாட்டார். அந்த இடைவெளியை உங்கள் நாட்காட்டியில் நீங்கள்தான் விட வேண்டும். கப்பல் நாளுக்குப் பின் இரண்டு நாளாவது எந்த முன்பதிவும் வைக்காதீர்கள்: கல்யாணம், கொழும்பு ரயில், எதுவானாலும்.

விசாவுக்கு வருவோம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இலங்கையின் மின்னணு பயண அனுமதியைப் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். அது இலவசமா, கட்டணமா என்பது சில ஆண்டுகளாக மாறி மாறி வருகிறது. இலவசம் என்றாலும் விண்ணப்பிக்காமல் போக முடியாது. இலங்கை அரசின் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் இருக்கின்றன, முகவரியை இரண்டு முறை பாருங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதம் மிச்சமிருக்கட்டும். கப்பலில் ஒருவழி டிக்கெட்டோடு இறங்குகிறவரிடம், திரும்புவது எப்படி என்று அதிகாரி கேட்கக்கூடும். திரும்பும் விமான டிக்கெட்டை அச்சடித்துக் கையில் வைத்திருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

டொரொன்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே விடுமுறையில் பார்க்க நினைக்கும் உறவினர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்திய இ-விசாவில் எந்த விமான நிலையம் வழியாகவும் எந்தத் துறைமுகம் வழியாகவும் நுழையலாம் என்பதற்குத் தனிப் பட்டியல் உண்டு. நீங்கள் இறங்கும் இடம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட். சென்னையில் இறங்கி, யாழ்ப்பாணம் போய், மறுபடி சென்னை வந்தால் அது இரண்டாவது நுழைவு. விசாவில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

கப்பலில் ஏறியதும் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். வேடிக்கை பார்க்கலாம் என்று முன்பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் காலையில் தின்ற பூரி கிழங்கு மேலே வரப் பார்த்தது. கப்பல் ஆடுவது முன்முனையில் அதிகம், நடுவில் குறைவு. நடு வரிசையில் உட்கார்ந்து, கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்தபடி இருந்தால் வயிறு கொஞ்சம் அடங்கும். இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு முன்பே. பக்கத்து இருக்கைப் பாட்டி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே அசராமல் வந்தார். மருத்துவம் என்ன சொல்லுமோ தெரியாது, எனக்கும் ஒன்று தந்தார்.

காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாண நகரம் 20 கிலோமீட்டருக்குள். பஸ் உண்டு, ஓட்டோ உண்டு. கொழும்பிலிருந்து வரும் வடக்கு ரயில் பாதை முடிவதும் இங்கேதான். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், இரண்டு நாட்டிலும் ஒரே நேரம். இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரைதான் கொண்டுபோகலாம். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐ வேலை செய்கிறது என்றாலும், சந்தையில் மாம்பழம் விற்கும் அம்மாவிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். இலங்கை ரூபாயாக மாற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் பௌர்ணமியன்று போயா விடுமுறை. அன்று வங்கி திறக்காது.

திரும்பும் விமானம் பலாலியிலிருந்து. ஓடுபாதை குட்டை என்பதால் ஏடிஆர் 72 வகை விசிறி விமானங்கள்தான் வந்து போகின்றன. சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். இந்த நேர்வழி ரத்தானாலும் கொழும்பிலிருந்து சென்னை, திருச்சி, மதுரைக்கு விமானங்கள் இருக்கின்றன. காங்கேசன்துறைக் கப்பல் ரத்தானால் ஏற வேறு கப்பல் இல்லை. விமானத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாமான் விஷயத்தில் மட்டும் விமானம் கறார். சின்ன விமானம், எடை கூடினால் காசு. பனங்கட்டிக் குட்டான், பினாட்டு, ஒடியல் மா என்று பனைப் பண்டங்களாகச் சொந்தக்காரர்கள் கட்டித் தருவதை முந்தைய இரவே வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நல்லெண்ணெய் போத்தலைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள். பெரிய பெட்டியில், இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, பழைய சாரத்துக்குள் உருட்டி வைத்தால் சென்னை வரை சிந்தாது.