லெட்ஜரில் மாநிலம் மாறிப்போனால்

கடலூரில் ஒரு பைப் கடை என்று வைத்துக்கொள்வோம். புதுச்சேரிப் பார்ட்டி ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பிவிசி பைப்பை வண்டியேற்றி அனுப்புகிறார்கள். பில்லில் சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000. கூட்டலில் பிசகில்லை. ஆனாலும் பில் தப்பு. நமக்குப் புதுச்சேரி பக்கத்து ஊர். ஜிஎஸ்டி சட்டத்துக்கு அது வேறு பிரதேசம். போட வேண்டியது ஐஜிஎஸ்டி 18,000.

பிசகு நடந்தது பில் போட்ட அன்று அல்ல, பார்ட்டி லெட்ஜரைத் திறந்த அன்று. மாநிலக் கட்டத்தில் மென்பொருள் தானாக நிரப்பிய ‘தமிழ்நாடு’ அப்படியே நின்றுவிட்டது. அதற்குக் கீழேயே பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்குகிறது. 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி. கணக்குப்பிள்ளை ஒரு முறை இரண்டையும் ஒத்துப் பார்த்திருந்தால் போதும். கைதவறிப் போட்ட பில் அந்த ஒன்றோடு போய்விடும். லெட்ஜர் தப்பினால் அந்தப் பார்ட்டிக்குப் போடும் அத்தனை பில்லும் தப்பும். வாங்கியவருக்கும் அடிதான்: அவருடைய உள்ளீட்டு வரி வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இந்த வரி ‘வரவு கிடைக்காது’ என்ற பகுதியில் போய் உட்காரும்.

பயத்தில் பழைய பில்லை அழித்துவிடாதீர்கள். ரிட்டர்னில் ஏறிய பில்லை மென்பொருளில் அழித்தால் இரண்டும் ஒத்துப்போகாது. கம்பெனி என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாகும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். லெட்ஜரை முதலில் சரிசெய்து, பாதிக்கப்பட்ட பில்களைப் பட்டியல் எடுத்து, விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்தம் போடுங்கள். நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 வரைதான் அதற்குப் பொழுது; அதற்குள் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால், அன்றோடு சரி.

கட்டிய பணம் போய்விடாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 77-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஐஜிஎஸ்டியைச் சரியாகக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். வரித் தலைப்பு மாறியதற்கு வட்டி கிடையாது. சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆர்எஃப்டி-01 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திரும்ப வரும்வரை இன்னொரு 18,000-ஐக் கையிலிருந்து புரட்ட வேண்டும் என்பதுதான் சிறு கடைக்காரரை நெருக்கும். அதனால்தான் மாதம் முடியுமுன் லெட்ஜரைப் பார்க்கச் சொல்கிறேன்.

வாடிக்கையாளரைக் கடிக்கிற தப்பு இன்னொன்று உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவீதமானது. ஸ்டாக் ஐட்டத்தில் பழைய விகிதம் மாறாத கடை, 13 சதவீதம் கூடுதலாக வாங்குகிறது. அதைக் கடை வைத்துக்கொள்ள முடியாது: வரி என்று வசூலித்ததை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்கிறது 76-ஆம் பிரிவு. நீங்கள் வாடிக்கையாளர் என்றால், பில்லைக் காட்டித் திருத்தித் தரக் கேளுங்கள். மறுத்தால், அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.