கியர் விழவில்லையா? கியர்ப்பெட்டியை இறக்குமுன் பாருங்கள்

விடியற்காலை மரக்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்படுகிறோம். கிளச்சை மிதித்தால் பெடல் தளர்ந்து கீழே போகிறது. கியர் கரகரவென்று கத்துகிறது; விழ மறுக்கிறது. “கிளச் பிளேட் முடிந்துவிட்டது” என்று யாரோ சொல்ல, கியர்ப்பெட்டியை இறக்கிவிடுகிறோம். இடம்பெயர்ந்து வந்து, பலர் கைமாறிய ஒரு பழைய வாகனத்தை நம்பிப் பிழைப்பைத் தொடங்கிய குடும்பத்துக்கு இது தாங்கமுடியாத செலவு. ஆனால் பழுது பல வேளைகளில் ஒரு சிறிய றப்பர் வாசரில்தான் இருக்கும்.

கிளச் எப்படி இயங்குகிறது?

பழைய லான்ட் றோவர், இசுசு எல்ஃப் லொறி, ஹைஏஸ் வான் போன்றவற்றில் கிளச் பிறேக் ஒயிலின் அமுக்கத்தால் இயங்குகிறது. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது. கியர்ப்பெட்டியோரம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அமுக்கத்தால் ஒரு தண்டைத் தள்ளி, கிளச் பிளேட்டை விடுவிக்கிறது. ஒயில் கசிந்தாலோ காற்றுப் புகுந்தாலோ பிளேட் முழுதாக விடுபடாது, கியரும் விழாது.

எஞ்சின் இரைந்தும் வாகனம் இழுக்காமல் கருகிய மணம் வந்தால், அது வேறு நோய். பெரும்பாலும் பிளேட் தேய்ந்திருக்கும்.

நாமே செய்யக்கூடிய சோதனை

எஞ்சினை நிறுத்தி, கியரை நியூற்றலில் விட்டு, சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே போகவேண்டாம்.

1. ஒயில் குப்பியைப் பாருங்கள். ஒயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது.

2. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டருக்குள் தண்டு நுழையும் இடம் ஈரமாக இருந்தால் அதன் வாசர் பழுது. ஸ்லேவ் சிலிண்டரின் றப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். அங்கே ஈரமென்றால் ஸ்லேவ் வாசர் பழுது. குழாயையும் பொருத்துகளையும் தடவிப் பாருங்கள்.

3. நாலைந்து முறை மிதித்தபின் பெடல் இறுகி, கியர் விழுந்தால் உள்ளே காற்று இருக்கக்கூடும்.

4. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் தண்டைப் பார்க்கட்டும். தண்டு கொஞ்சமே அசைந்தால் காற்று அல்லது கசிவு. நன்றாக வெளியே வந்து, மெல்லத் திரும்பிப் போகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒயில் வாசரைத் தாண்டுகிறது. தண்டு முழுதாக வந்து அங்கேயே நின்றும் கியர் கத்தினால் மட்டுமே, கியர்ப்பெட்டியை இறக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

திருத்தும்போது

சிலிண்டரின் உட்சுவரில் கீறலோ துருவோ இல்லையென்றால் வாசர்களை மாற்றினால் போதும்; இருந்தால் புதிய சிலிண்டர் வேண்டும். பிறகு காற்றெடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, மற்றவர் ஸ்லேவிலுள்ள நிப்பிளைத் திறந்து, பெடல் மேலே வருமுன் மூடவேண்டும். குமிழி நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். குப்பி இடையில் வற்றக்கூடாது.

குப்பியின் மூடியில் குறித்துள்ள டொட் 3 அல்லது டொட் 4 பிறேக் ஒயிலையே ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில் ஊற்றினால் வாசர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஆகவே திறந்து நாட்பட்ட ரின்னிலுள்ளதை ஊற்றவேண்டாம்.

சில வாகனங்களில் கிளச்சுக்கும் பிறேக்குக்கும் ஒரே குப்பிதான். அங்கே ஒயில் குறைந்தால் பிறேக்கும் கைவிடும். அன்றைய சந்தை தவறினாலும் பரவாயில்லை, அந்த வாகனத்தைத் தெருவில் எடுக்காதீர்கள்.