மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் இராகலை, ஹைபொரஸ்ட், புரூக்சைட் என்று வலப்பனைப் பக்கத்துத் தோட்டங்களில் கறுப்பு வேட்டிகள் தென்படத் தொடங்கும். மாலை போட்ட சாமிகள். எல்லோருக்கும் சபரிமலை வரை போய்வர வசதி இருக்காது. ஆனாலும் மாலைக்கென்று ஒரு மரியாதை உண்டு. கழுத்தில் அது கிடக்கும்வரை சாராயத்தைத் தொடக்கூடாது. அதற்காகவே புருசனை மாலை போடச் சொல்லி நச்சரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். குடியை நிறுத்த மலையகம் நம்பும் வைத்தியம் எது என்று என்னைக் கேட்டால் மாலையைத்தான் சொல்வேன்.

அந்த வைத்தியத்தின் ஆபத்து மூன்றாம் நாளில் இருக்கிறது.

பத்துப் பதினைந்து வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துகிறார். மறுநாள் காலை கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்கிறார். லயத்துக்குப் பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்கிறார். பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிறார். "விரதத்துல ஏதோ குத்தம் நடந்திருச்சு" என்பார் ஒருவர். "முனி அடிச்சிருச்சு" என்பார் இன்னொருவர். கோடாங்கிக்கு ஆள் போகும். வைத்தியசாலை நினைவுக்கு வருவது அதற்கும் பிறகுதான்.

முனியும் இல்லை, குற்றமும் இல்லை. மதுசாரம் மூளையின் வேகத்தை அமர்த்தும் பொருள். வருடக்கணக்கில் அந்த அமர்த்தலை எதிர்த்தே ஓடிப் பழகிய மூளை, மது திடீரென்று நின்றதும் கட்டுக்கடங்காமல் துடிக்கிறது. நடுக்கம் முதல் நாளே தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வரும். மனக்குழப்பமும் மாயக்காட்சியும் 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். உரிய மருந்தை உரிய அளவில் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வந்தால் பெரும்பாலானோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. சோறு தண்ணியில்லாமல் குடித்துத் தளர்ந்து வந்தவருக்கு, தயமின் எனப்படும் பி1 விற்றமினைக் கொடுக்காமல் குளுக்கோசை மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகும் அபாயம் இருக்கிறது. விலை மலிந்த மருந்துதான். அதைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் அரிது. நான் எழுத வந்தது அந்த ஆளைப் பற்றி.

நமது சாமி எப்படியோ வைத்தியசாலைக்கு வந்து பிழைத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். உடம்பு தேறுகிறது, முகம் தெளியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. "இருந்து என்னத்தைக் கண்டோம்" என்கிறார். உளநலப் பிரிவுக்குப் போனால், முதலில் குடியை விடட்டும், பிறகு பார்க்கலாம் என்பார்கள். குடியை மறக்கச் செய்யும் நிலையத்துக்குப் போனால், இவருக்கு மனநோய் இருக்கிறது, அதைக் குணப்படுத்திக்கொண்டு வாருங்கள் என்பார்கள். இரண்டு வாசலிலும் நியாயமான பதில், நடுவில் ஒரு மனிதர். இந்த அலைக்கழிப்பு வலப்பனைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ரொபர்ட் டிரேக் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1980களின் பிற்பகுதியிலிருந்து இதையே எதிர்த்து வேலை செய்தார்கள். ஒரே குழு, ஒரே இடத்தில், இரண்டு நோயையும் ஒன்றாகப் பார்க்கட்டும் என்பது அவர்கள் வாதம். இன்று பாடப்புத்தகங்கள் அதைத்தான் சொல்கின்றன.

மாலையின் உண்மையான பயன் இங்கேதான் தொடங்குகிறது. குடியினால் வந்த மனச்சோர்வு, குடி நின்ற நான்கு வாரங்களில் பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் தணியாவிட்டால் அது தனி நோய். அதற்கென்று சிகிச்சை வேண்டும். எது எது என்று பிரித்தறிய ஒரு மாதக் குடியில்லா நாட்கள் தேவை. மண்டல விரதம் 41 நாள். ஆள் வீட்டிலேயே இருக்கிறார், குடிக்கவில்லை, ஊரே காவல் காக்கிறது. நகரத்துத் தனியார் நிலையம் எவ்வளவு பணம் கேட்கும் இதற்கு! விவரம் தெரிந்த ஒருவர் முதல் நான்கு நாள் தினமும், பிறகு வாரம் ஒரு தடவை அந்த லயத்துக்குப் போய்த் தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், மண்டலம் முடியும்போது நோயின் பெயர் கையில் இருக்கும். மாலை கழற்றும் நாளுக்கும் அவர் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். அன்றைக்குத் தவறணை வாசலில் காத்திருக்கும் கூட்டாளிகள் விரதத்தை எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நோய் முதலில் வந்து குடி பிறகு வருவதும் உண்டு. காதில் கேட்கும் குரல்களை அடக்கக் குடிக்கிறவர். மண்சரிவில் வீட்டையும் ஆளையும் இழந்த பிறகு, கண்ணை மூடினால் மண்ணே தெரிகிறது என்பதற்காகக் குடிக்கிறவர். வலப்பனையும் ஹங்குராங்கெத்தையும் 2007 சனவரியிலேயே மண்சரிவைப் பார்த்தன. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டையே புரட்டிப் போட்டது. வீடு கட்டிக் கொடுக்கும் பட்டியலில் இப்படிக் குடிக்கத் தொடங்கியவர்களின் கணக்கு வராது. உடம்பு நோவுக்கென்று இரவில் ஒரு மடக்கு எடுக்கும் பெண்களைப் பற்றியோ யாரும் வாயே திறப்பதில்லை. இளசுகளின் 'ஐஸ்' போதைப்பொருள் வேறு கதை. அது உண்டாக்கும் சந்தேகமும் பிரமையும் மனச்சிதைவு நோயைப் போலவே இருக்கும்; பார்த்தவுடன் பிரித்துச் சொல்லப் பழகிய கண்ணே திணறும்.

தற்கொலையை இதிலிருந்து ஒதுக்கிவைக்க முடியாது. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்ற அளவுக்கு, உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததில், 2008 முதல் 2011க்குள் பரகுவட்டையும் கட்டம் கட்டமாக நிறுத்தியதில், அது பெருமளவு இறங்கியது. நாடு பெருமைப்படத் தக்க காரியம். ஆனால் தடையால் காப்பாற்ற முடிந்தது உயிரை மட்டும். வெறியில் ஏதோ செய்துகொண்டு பிழைத்தவரை வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, குடியைப் பற்றியும் மனதைப் பற்றியும் சேர்த்துக் கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. (1926 என்ற இலக்கம் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இணைப்பு, 1927 போதைப்பொருள் ஆலோசனைக்கு. தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேண்டிய எண்கள்.)

அப்படிக் கேட்கத் தெரிந்த ஆளை உருவாக்குவது பயிற்சி. பயிற்சி என்றால் என்ன என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓடிட்' வினாக்கொத்தில் பத்துக் கேள்விகள். குடிக்கும் நாளில் எத்தனை 'அளவு' குடிப்பீர்கள் என்பது அதில் ஒன்று. ஓர் அளவு என்பது 10 கிராம் தூய மதுசாரம். தோட்டத்தில் யார் அளவில் குடிக்கிறார்கள்? "ஒரு கால் போத்தல் ஐயா, அவ்வளவுதான்" என்பார். 180 மில்லிலீற்றர் சாராயத்தில் ஏறத்தாழ 50 கிராம் மதுசாரம் இருக்கும். ஆக அந்த 'அவ்வளவுதான்' ஐந்து அளவு. இதைத் தெரியாதவர் தாளில் 1 என்று எழுதுவார், தெரிந்தவர் 5 என்று எழுதுவார். கசிப்பென்றால் எந்தக் கணக்கும் நிற்காது. கேள்வித்தாளை யாரும் மொழிபெயர்த்துவிடலாம். இந்தக் கணக்கைக் கூட உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுக்க முடியும்.

நாட்டில் உளநலச் சேவைக்கு ஏணி இல்லாமல் இல்லை. 2005 - 2015 காலத்துக்கான உளநலக் கொள்கை, சுனாமிக்குப் பின் வந்தது. மனநல நிபுணர் எட்டாத இடங்களுக்கு மூன்று மாதப் பயிற்சி பெற்ற உளநல வைத்திய அதிகாரியும், ஓராண்டு டிப்ளோமா முடித்த வைத்தியரும், சமுதாய உளநலத் தாதியும் போவது அந்தக் காலத்தில்தான் பரவலானது. நல்ல ஏற்பாடு. தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபைக்குக் கண்டியில் ஒரு சிகிச்சை நிலையம் உண்டு. ஆனால் கடைசிப் படி தோட்டத்துக்கு மேலேயே நின்றுவிடுகிறது. பஸ் ஏறிக் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போச்சு. தமிழில் பேச ஆள் கிடைப்பதும் அன்றைய அதிர்ஷ்டம். 

இதில் ஒரு முரண் இருக்கிறது. போதைச் சிகிச்சையாளர்களுக்கு உலகின் பல நாடுகளில் பயன்படுத்தும் பாடத்திட்டத்தை வளர்த்துப் பரப்பியது கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பு. 1951 இல் தொடங்கியது. அதன் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவு 1973 இல் வந்தது. தலைமையகம் இன்றும் கொழும்பில். அடிப்படைப் பாடநூல்கள் எட்டில் மூன்றாவது முழுக்கவே கூடவரும் மனநோய்களையும் உடல்நோய்களையும் பற்றியது. எட்டாவது தொழில் ஒழுக்கம். லயத்துக்கு இந்த எட்டாவதைத்தான் முதலில் கொண்டுவர வேண்டும் என்பேன். ஒரு காம்பராவில் பேசியது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் இடத்தில், ஆலோசனை சொல்ல வருபவர் தோட்டத் தலைவருக்கு மச்சானாகவும் இருந்துவிட்டால் யார் வாய் திறப்பார்?

பயிற்சி வராமல் போகுமோ என்பதைவிட, எந்த வடிவத்தில் வருமோ என்பதே எனக்குக் கவலை. நமக்கெல்லாம் தெரிந்த வடிவம்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், இரண்டு நாள். வாசலில் பதாகை, மேசையில் கோப்பும் பேனாவும், கொழும்பிலிருந்து வந்த வளவாளர், திரையில் நூறு சிலைட், பகல் சாப்பாடு, சான்றிதழ், குழுப்படம். இரண்டாம் நாள் பின்னேரம் ஆளுக்காள் 'நீ நோயாளி, நான் ஆலோசகர்' என்று நடித்துக் காட்டிச் சிரித்துவிட்டுப் பஸ் ஏறுவார்கள். அறிக்கையில் 'பயிற்றப்பட்டோர்: 40' என்று வரும். ஆறு மாதத்தில் நாற்பதில் சிலர் இடமாற்றம் பெற்றிருப்பார்கள், சிலர் வேறு திட்டத்துக்குப் போயிருப்பார்கள். எஞ்சியவரின் வீட்டுச் சுவரில் சான்றிதழ் இருக்கும். மூன்றாம் நாள் சாமி கதவைத் தட்டும்போது யாருக்குப் போன் பண்ணுவது என்பது அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட பயிற்சி வெறும் வீண்செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அரைகுறையாகத் தெரிந்தவர் தைரியமாக "இன்னையோட விட்டுடுங்க" என்று சொல்லிவிடுவார். யாரிடம் அப்படிச் சொல்லலாம், யாரிடம் சொல்லவே கூடாது என்பது இரண்டு நாள் சிலைட்டில் ஏறுவதில்லை.

கோவாவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சங்காத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களை எடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் குடி ஆலோசகர்களாக அமர்த்தியது. ஒருவருக்கு அதிகம் போனால் நான்கு அமர்வு. 377 ஆண்களை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2017 இல் 'லான்செட்' இதழில் வந்தது. மூன்று மாதத்தில் குடிப்பிரச்சினையிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்றோரில் 36 சதவீதம், பெறாதோரில் 26. மாயம் எதுவும் இல்லை. குடியைத் தொடர்ந்தவர்கள் குடித்த அளவில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. அதே அமைப்பு மனச்சோர்வுக்கும் இதே முறையில் ஆலோசகர்களைப் பழக்கியது. எண்களைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்கள் பழகிய விதம். பட்டறை முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடவில்லை. மாதக்கணக்கில் மேற்பார்வையில் வேலை செய்தார்கள். நோயாளியின் சம்மதத்தோடு பதிவு செய்த உரையாடலைக் குழுவாக உட்கார்ந்து கேட்டார்கள், ஒருவருக்கொருவர் புள்ளி போட்டார்கள், இந்த இடத்தில் நீ அவசரப்பட்டாய் என்று சொல்லிக்கொண்டார்கள்.

தமிழ் மண்ணிலும் முன்மாதிரிகள் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிலையம், நகரத்து மருத்துவமனையோடு நிற்காமல் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடிக்குப் போய் முகாம் போட்டது. ஊர்க்காரர்கள் இடமும் சாப்பாடும் பார்த்துக்கொள்ள, மருத்துவர் பக்கத்திலிருக்க, குடும்பமும் கூட வர, குடியை நிறுத்தும் முதல் நாட்கள் அங்கேயே கழிந்தன. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போனார்கள். யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரமும் சகாக்களும் போர்க்காலத்திலேயே ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் உளநலத்தைத் தமிழில் கற்பித்தார்கள், கைநூலும் எழுதினார்கள். வலப்பனைக்கு வேண்டிய பாடத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே தமிழில் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

தவறணையை மூடு, கூலியைக் கூட்டு, குடி தானாகக் குறையும் என்கிறவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அது வேறு கட்டுரை.

தோட்டத்துக்கு மனநல நிபுணர் வரப்போவதில்லை. டிஸ்பென்சர் இருக்கிறார், குடும்பநல மருத்துவிச்சி இருக்கிறார், நலன்புரி உத்தியோகத்தர் இருக்கிறார். இந்த மூவருக்கும் ஒன்றாகவே பயிற்சி கொடுக்கலாம். ஒருவர் இடமாற்றம் போனாலும் இருவர் மிஞ்சுவார்கள். முதல் பாடம் கார்த்திகைக்கு முன்னால் முடிய வேண்டும்: யார் மாலை போடப் போகிறார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, குளறினாரா என்று கோயில் குருசாமியோடு உட்கார்ந்து ஒரு பட்டியல். அப்படிப்பட்டவர் மாலை போடுமுன் வைத்தியசாலைக்கு வரட்டும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். டிஸ்பென்சரியில் தயமின் இருப்பு. அதற்குப் பிறகு, வருடம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மாவட்டத்தின் உளநல வைத்திய அதிகாரி ஒருவர் இந்த மூவரோடும் போனில் உட்கார்ந்து அந்த வார நோயாளிகளை ஒவ்வொருவராகப் பேச வேண்டும், தமிழில். அந்த ஒரு மணி நேரம் அவருடைய கடமைப் பட்டியலில் எழுத்தில் ஏற வேண்டும். சொந்த நேரத்தில் செய்துகொள்வார் என்று விட்டால் தைப்பொங்கலுக்குள் நின்றுவிடும்.