மஞ்சள் விளக்கும் எஞ்சினின் எண்ணும்

எருமப்பட்டி வட்டாரத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் அங்கத்தினர்களும் நெசவு அங்கத்தினர்களும் இப்பொழுது சரக்குக்கும் பயணத்துக்கும் சொந்த வண்டியையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பெயர் பெற்ற நாமக்கல் அருகிலேயே இருப்பதால் பட்டறைக்கும் பஞ்சமில்லை. ஆயினும், முகப்பில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டால் பலர் கலங்கிப் போய், பட்டறையில் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகின்றனர். கடன் தவணைக்கென வைத்திருந்த பணம் இவ்வாறு செலவாவதை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்விளக்கு எஞ்சினைக் கண்காணிக்கும் கணினியின் அறிவிப்பு. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் கட்டாயமான இவ்வேற்பாடு, நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் கீழ் 2010-இல் தொடங்கி 2013-இல் விரிவாக்கப்பட்டது. ஸ்டீயரிங்கின் கீழே 16 ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். அதில் ஸ்கேனரைப் பொருத்தினால் ‘பி 0171’ என்பது போன்ற எண் தெரியும். ‘பி’ என்றால் எஞ்சினும் கியரும் சார்ந்தது; அடுத்த 0, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண் என்பதைக் காட்டும்; அதற்கடுத்த 1, காற்றும் எரிபொருளும் பற்றியது.

விசைத்தறியில் ஊடை அறுந்தால் தறி தானே நிற்கிறது. ஏன் அறுந்தது என்று தறி சொல்வதில்லை. எஞ்சினின் எண்ணும் அத்தகையதே. எந்தப் பாகத்தை மாற்றுவது என்று அது கூறாது.

நாம் அறிந்த ஓர் அங்கத்தினரின் பெட்ரோல் காரில் மேற்சொன்ன எண்ணே வந்தது. கலவையில் காற்று மிகுதி என்பது அதன் பொருள். முதலில் பார்த்த பட்டறையார் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, எண்ணையும் அழித்துக் கொடுத்தனர். நான்காம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது போலும்! ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் சென்சார் தெரிவிக்கும். கணினி பெட்ரோலைக் கூட்டும். கூட்டுவது வரம்பு மீறினால் விளக்கை ஏற்றும்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதை ஸ்கேனரிலேயே நோக்கினார். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடுகையில் நூற்றுக்கு இருபதுக்கு மேல். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நான்கு மட்டுமே. காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிய பிறகு எங்கோ காற்று கசிந்து நுழைகிறது என்று அவர் முடிவு செய்தார். எஞ்சின் கொஞ்சமாகக் காற்றிழுக்கும்பொழுது சிறு கசிவும் பெரும்பங்காகும். மிகுதியாக இழுக்கும்பொழுது அது பொருட்டன்று. வேகம் கூடக் கூட அத்தொகை உயர்ந்திருந்தால் பெட்ரோல் பம்பையோ, வடிகட்டியையோ, தூசி படிந்த காற்றளவுச் சென்சாரையோ ஐயுற்றிருப்பார். தேடியதில் ரப்பர்க் குழாய் ஒன்றை எலி கடித்திருந்தது தெரிந்தது. தானியமும் வைக்கோலும் உள்ள கொட்டகையில் வண்டி நிறுத்துவோர் இதனைக் கவனிக்க. குழாயின் விலை, வீணாக வாங்கிய சென்சாரின் விலையில் ஒரு சிறு பகுதியே.

எண்ணை அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். கோளாறு நேர்ந்த வேளையில் எஞ்சினின் வேகம், வெப்பம் முதலியவற்றையும் கணினி பதிந்து வைத்திருக்கும்; அழித்தால் அவையும் போய்விடும். ரொக்கப் புத்தகத்தின் ஏட்டைக் கிழித்துவிட்டுக் கணக்குச் சரியாயிற்று என்பவரைத் தணிக்கையில் யாம் ஒப்புவதில்லை!

விளக்கு நிலையாக எரிந்து, வெப்ப விளக்கும் ஆயில் விளக்கும் எரியாதிருப்பின், வண்டியை மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். மின்னி மின்னி எரிந்தாலோ உடனே ஓரம் கட்டுக. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று, பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் அடங்கிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும்.

எளிய ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. வண்டியுள்ள அங்கத்தினர் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். பட்டறைச் சீட்டில் மாற்றிய பாகத்தோடு, வந்த எண்ணையும் செய்த சோதனையையும் எழுதித் தருமாறு கேட்க. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குக.