லிப்டனைத் தோற்கடித்த பாய்மரம்

தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டனை மலைநாட்டில் தெரியாதவர்கள் இல்லை. கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் அழித்து, தோட்டங்களின் விலை விழுந்து கிடந்த காலம் அது. 1890இல் இலங்கைக்கு வந்தவர், தோட்டங்களை மளமளவென்று வாங்கிப் போட்டார். அப்புத்தளைக்கு மேலே, தம்பேதன்னத் தோட்டத்தின் உச்சி மேட்டுக்கு இன்றைக்கும் ‘லிப்டன் சீட்’ என்றுதான் பெயர். அதே மனிதர்தான் அமெரிக்கக் கோப்பைப் பாய்ப்படகுப் போட்டிக்கு 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து தரம் சவால் விட்டு, ஐந்து தரமும் தோற்றவர். 1920இல் முதல் இரண்டு ஓட்டங்களையும் வென்றுவிட்டு, அடுத்த மூன்றையும் கோட்டைவிட்டார்.

கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைத்த கூலியை இந்தப் படகுகளின் செலவோடு வைத்துப் பார்த்தால் வயிறு எரியும். அது தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே நான் பேச வந்தது படகைத் தெரிவுசெய்வது பற்றி. பாய்ப்படகு வாங்க நினைப்பவர், இரண்டு படகுகளின் விவரத்தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மண்டையை உடைப்பது வழக்கம். 1930 போட்டியைப் போல அவருக்கு உதவக்கூடிய பாடம் வேறில்லை.

லிப்டனின் படகு ‘ஷாம்ரொக் 5’. சார்ள்ஸ் நிக்கல்சன் வடிவமைத்தது. உருக்குச் சட்டத்தின் மேல் மஹோகனிப் பலகை. எதிரே ஹரோல்ட் வண்டர்பில்ட் ஓட்டிய ‘என்டர்பிரைஸ்’. ஸ்டார்லிங் பர்ஜஸ் வடிவமைத்தது. வெண்கலத் தகட்டு உடல். நீர்க்கோட்டு நீளம் ஒன்றுக்கு 81 அடி, மற்றதற்கு 80. எடை 134 தொன், 128 தொன். பாயின் பரப்பு இரண்டுக்கும் 7,500 சதுர அடியைக் கொஞ்சம் தாண்டும். இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. நீளத்தைப் பாய்ப்பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கி, படகு ஒதுக்கும் நீரின் கனவளவின் கனமூலத்தால் வகுத்து, 0.18ஆல் பெருக்கினால் வரும் விடை 76ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. நீளம் கூட வேண்டுமா, பாயைக் குறை. பாய் கூட வேண்டுமா, எடையை ஏற்று.

வேகத்திலும் அப்படித்தான். படகு ஓடும்போது அதுவே அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீளத்தை எட்டிவிடும். அதற்கு மேல் படகு தன்னுடைய அலையின் மேட்டிலேயே ஏறிப் போக வேண்டும். கனத்த உடலால் அது முடியாது. அடியில் சொன்ன நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிடைக்கும். இரண்டுக்கும் மணிக்கு 12 கடல் மைல். தாளில் சரிக்குச் சரி.

அமெரிக்காவின் நியூபோர்ட் கடலில் அந்தச் செப்டம்பரில் என்டர்பிரைஸ் நாலுக்குப் பூச்சியம் என்று வென்றது.

வித்தியாசம் தலைக்கு மேலே இருந்தது. ஷாம்ரொக்குக்கு உள்ளே கூடான மரத்தாலான பாய்மரம். என்டர்பிரைஸுக்கு, ஆகாய விமானங்களுக்குப் பயன்பட்ட டியூரலுமின் தகட்டை ஆணி அறைந்து செய்த, எடை குறைந்த பாய்மரம். ஹட்டன் பக்கத்துச் சரிவில் இறங்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். கூடையின் கயிறு தலையில் இருக்கும், பாரம் முதுகோடு ஒட்டித் தாழத் தொங்கும். அதே கொழுந்தை உச்சந்தலையில் சுமந்தால் ஈர மண்ணில் நாலு எட்டு வைப்பதே பாடு. படகிலும் எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான், எங்கே இருக்கிறது என்பது மீதி. நீர்மட்டத்துக்கு மேலே 25 மீற்றர் உயரத்தில் 100 கிலோவைக் குறைப்பது, 4 மீற்றர் ஆழத்தில் 625 கிலோ ஈயம் கட்டியதற்குச் சமம். அப்படிப்பட்ட படகு காற்றில் குறைவாகச் சாயும். சாயாத பாய்தான் காற்றை முழுதாகப் பிடிக்கும். 76 என்ற எண்ணுக்கு இதெல்லாம் தெரியாது.

விவரத்தாளில் இல்லாத இன்னொன்று, படகு ஓடப்போகும் இடம். நுவரெலியாவின் கிரகரி வாவி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்புக் கரையை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஒரே வேகத்தில் வீசினாலும், பாயைத் தள்ளும் விசையும் அந்த அளவுக்குக் குறையும்.

இன்றைக்கு 35, 40 அடி நெடும்பயணப் படகு வாங்குகிறவர்கள் தேடும் எண்களில் ஒன்று, கவிழும் அபாயத்தைச் சொல்வது. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயத்தில் புயல் அடித்து 15 போட்டியாளர்கள் இறந்த பிறகு வந்த கணக்கு இது. படகின் அகலத்தை, அது ஒதுக்கும் நீரின் கனவளவின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். விடை 2க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆனால் ஈயம் படகுக்குக் கீழே நீளும் கீலின் அடியில் இருக்கிறதா, மேல்தட்டில் கிடக்கிறதா என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. இரண்டுக்கும் ஒரே விடைதான். விற்பவர் காட்டும் எடையோ பெரும்பாலும் வெறும் படகின் எடை. தண்ணீரும் டீசலும் நங்கூரச் சங்கிலியும் ஏற்றி, பாய்மரத்தில் ரேடாரையும் கட்டிவிட்டால் கணக்கு மாறிவிடும். அதனால் எனக்கு இந்த எண் மேல் பெரிய மதிப்பில்லை. சந்தேகமான படகைக் கழித்துவிட உதவும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் இருப்பதிலேயே இலேசான பாய்மரத்தை வாங்கிவிடலாமா? அதுவும் கூடாது. ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிந்திய ஆய்வுகள் எதிர்பாராத ஒன்றைச் சொல்லின. பக்கவாட்டில் உடைந்து விழும் பேரலை படகைப் புரட்டப் பார்க்கும்போது, உயரத்தில் இருக்கும் எடை அந்தத் திடீர்ச் சுழற்சிக்கு ஈடுகொடுக்கிறது. பாய்மரம் முறிந்த படகு இன்னும் இலகுவாகப் புரளும். காற்றுக்கு முன்னால் பாரமாக இருக்கும் பாய்மரம், அலைக்கு முன்னால் காவலாகிவிடுகிறது. பந்தயக்காரனுக்கு முதலாவது முக்கியம், குடும்பத்தோடு கடல் கடப்பவனுக்கு இரண்டாவது.

என்னிடம் கேட்டால் லிப்டனின் படகைத்தான் எடுப்பேன். போட்டிக்கு முன்னாலேயே அது அட்லாண்டிக்கைக் கடந்துதான் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. வென்ற என்டர்பிரைஸை 1935இல் உடைத்து உலோகத்துக்கு விற்றார்கள். லிப்டன் 1931இலேயே காலமானார். ஷாம்ரொக் 5 இந்த நூற்றாண்டிலும் பாய் விரித்து ஓடியிருக்கிறது.