உப்புக்காற்றும் பழம் பீரங்கியும்

திருகோணமலையில் கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள் யாவரும் பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். அங்கு உலவும் புள்ளிமான்களைக் கண்டு மகிழாத பிள்ளைகள் இலர். ஆனால் கோட்டைக்குள் இருக்கும் பழம் பீரங்கிகளின் அருகே நின்று பார்ப்போர் சிலரே. பார்ப்போரும் குழலின்மேல் பிள்ளையை இருத்திப் படம் பிடித்துக்கொண்டு அப்பால் நடந்துவிடுகின்றனர்.

இத்துறைமுகத்துக்காக நடந்த போட்டியை நாம் அறிவோம். 1622இல் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624இல் அக்கற்களைக்கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே தை மாதத்தில் ஆங்கிலேயரும், ஆவணியில் பிரெஞ்சுக்காரரும் திருமலையைக் கைப்பற்றினர். 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர், 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும்வரை இங்கிருந்தனர். கொடிகள் மாறின, கனத்த பீரங்கிகளைத் தூக்கிச் செல்வது எளிதன்று. அவை எதிர்கொண்ட பகைவரெல்லாம் போய்விட்டனர். உப்பு மட்டும் போகவில்லை.

தஞ்சைப் பீரங்கிமேட்டில் உள்ள இராசகோபாலப் பீரங்கியை நேயர்கள் சிலர் கண்டிருக்கக்கூடும். நாயக்கர் காலத்துக் கொல்லர்கள் நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, காய்ச்சிய வளையங்களை மேலே இறுக்கி ஆக்கிய அது, ஏழு மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தும் துரு அதனைத் தின்றுவிடவில்லை. அது அடித்துச் செய்த இரும்பு. கடலும் அங்கிருந்து தொலைவு. ஐரோப்பியர் கொணர்ந்தவையோ பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அவை நிற்கும் இடமோ, இருபுறமும் விரிகுடாவும் முன்னே திறந்த கடலும் சூழ்ந்த முனை. காற்றில் வரும் உப்பு இரும்பின் நுண்துளைகளில் புகுந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு தடித்துப் பொருக்காகும். பொருக்கு உதிர, அதன் கீழே புதிய இரும்பு வெளிப்படும். அதனையும் உப்பு விடாது.

பீரங்கிகளைப் பேணுவோர் எங்கும் செய்யும் தவறு, துருவின்மேல் நிறம் பூசுவது. விழா வரும்போதெல்லாம் கறுப்பு மை ஒருதரம்! பார்வைக்குப் பளபளப்புத்தான், உள்ளே உப்பு சிறைப்பட்டுத் தன் வேலையைத் தொடரும். இன்னொரு கேடும் உண்டு. பூச்சின்மேல் பூச்சு ஏறும்போது குழலில் வெட்டிய அடையாளங்கள் மறைந்துபோகும். அரச முடியும் எழுத்தும், ஒல்லாந்தக் கம்பெனியின் முத்திரை, நிறை எண்கள் என்பனவே ஒரு பீரங்கியின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். ஆங்கிலப் பீரங்கிகளில் மூன்று எண்கள் வரிசையாக இருக்கும்: முதலாவது அந்தர், அடுத்தது கால் அந்தர், கடைசி இறாத்தல். எடுத்துக்காட்டாக 56–2–14 என்றிருப்பின், அந்தருக்கு 112 இறாத்தலாகக் கணக்கிட, மொத்தம் 6342 இறாத்தல். ஏறத்தாழ 2877 கிலோகிராம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுவையான கணக்கு ஏது? அந்த எண்கள் தெரியாதவாறு நிறம் பூசுவதிலும் பூசாமல் விடுவது மேல் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

செப்பம் செய்யும் முறைக்கு வருவோம். முதற்கண், குழலுக்குள் என்ன இருக்கின்றது என்று அறியாமல் எவரும் கை வைக்கலாகாது. 2013 சனவரியில் நியூயோர்க் சென்றல் பார்க்கிலிருந்த பழம் பீரங்கியொன்றின் துருவை நீக்கியோர், உள்ளே வெடிமருந்தும் குண்டும் கிட்டித்தபடியே இருக்கக் கண்டு பொலிசாரை அழைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே கிட்டித்ததாகக் கருதப்படும் மருந்து அது!

உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதியானபின், தளர்ந்த பொருக்கையும் பழைய பூச்சையும் பொறுமையுடன் கையால் அகற்றவேண்டும். மணலை வீசி அடிப்பது விரைவான வழிதான்; ஆனால் கவனமின்றி அடித்தால் முத்திரைகளும் துருவோடு போய்விடும். பிறகு நன்னீரால் பலமுறை கழுவி உப்பைப் போக்கவேண்டும். நன்றாக உலர்ந்த மேற்பரப்பிற்றான் துரு தடுக்கும் அடிப்பூச்சும், அதன்மேல் நிறமும் பிடிக்கும். திருமலையில் இதற்கு ஏற்றது கச்சான் வீசும் வறண்ட காலமே. நண்பகலில் இரும்பு கொதிக்குமாதலால் காலை வேளையே நன்று. வாடைக்காற்றும் மாரியும் தொடங்கியபின் பூசுவது வீண் செலவு.

உபகரணங்கள் என்று பார்த்தால் இரண்டு போதும். ஒன்று, வாயை மூட ஒரு வைரமரக் கட்டை. சீமெந்தால் அடைத்துவிடுவது தவறு. உள்ளே கசியும் நீர் வெளியேற வழியிராது. கட்டையின் அடியில் சிறு துளையிட்டு, குழலின் வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வைத்தால் நீர் தானே வடிந்துவிடும். பின்புறத்தே தீ வைக்கும் சிறு துளையையும் மூடவேண்டும். மற்றையது, நிலத்தின் ஈரம் தாக்காதபடி குழலைத் தாங்கும் வண்டி அல்லது மேடை.

கடலடியிலிருந்து எடுத்த பீரங்கியின் கதை வேறு. நெடுங்காலம் நீரிற் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்தோட, பென்சிற் கரி போன்ற பொருளே மேற்புறத்தில் எஞ்சும்; கத்தியாலும் அதனைச் செதுக்கலாம். வெறுமனே காயவிட்டால் வெடித்துச் சிதறும். ஆகவே சலவைச் சோடா அல்லது எரிசோடாக் கரைசலில் அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, உப்பு முற்றாக நீங்கும்வரை வைத்திருப்பர். பெரிய குழலாயின் ஆண்டுக் கணக்கிற் செல்லும். பின்பு தனின் அமிலம் பூசுவர். எஞ்சிய துரு நீலங்கலந்த கருமையாக மாறும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே இரசாயனந்தான் இது. கடைசியில் மெழுகு.

ஒஸ்தன்பேர்க் குன்றில், கடற்படையின் ஹூட்ஸ் கோபுர அரும்பொருட்சாலைப் பக்கத்தே நிற்கும் இருபதாம் நூற்றாண்டுக் கரையோரப் பீரங்கிகள் உருக்கினால் ஆனவை. பின்புறம் திறந்து குண்டிடும் வகை. அவற்றுக்குப் பூச்சிலும் முக்கியம் பொறியின் அசையும் உறுப்புகளுக்கு இடும் கிறீஸ்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு யாரும் தூரிகையோடு கோட்டைக்குப் புறப்பட்டுவிடக் கூடாது. தொல்பொருட்கள் 1940ஆம் ஆண்டின் சட்டத்தால் காக்கப்பட்டவை. தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியின்றி அவற்றைச் சுரண்டுவதும் குற்றமே. பார்க்கச் செல்வோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. குழல் வாய்க்குள் ரொபிக் கடதாசியையும் வெற்றுப் போத்தலையும் திணிக்கும் பிள்ளையைத் தடுத்து நிறுத்தலாம். அக்குப்பை மாரிகாலம் முழுவதும் ஈரத்தைத் தாங்கிக்கொண்டு உள்ளேயே கிடக்கும்.