ஆனையிறவு வழியும் நம் அடுக்களையும்

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய வழி ஆனையிறவு. இதனை உப்பளமாகவும் போர்க்களமாகவுமே பலர் அறிவர். ஆயினும், நம் அடுக்களை கடந்த நூறாண்டில் அடைந்த மாறுதல்களுக்கும் இவ்வழி திறந்தும் மூடியும் கிடந்தமைக்கும் நெருங்கிய தொடர்புண்டு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உணவென்பது வீட்டாரின் உழைப்பே. நெல்லை உரலிலிட்டுக் குற்றினர். குரக்கனைத் திரிகையில் அரைத்தனர். பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்திய ஒடியல், கூழாகவும் பிட்டாகவும் பசி தீர்த்தது. 1905 ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகைவண்டி ஓடத் தொடங்கவே, வெளியூர்ச் சரக்குகள் வருவது எளிதாயிற்று.

1942 இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு வந்தது. அரிசிக் குறையை நிரப்பக் கோதுமை மா அடுக்களையுட் புகுந்தது. 1980 இல் திருகோணமலையில் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியபின், பாணும் அவித்த கோதுமை மாவிற் செய்த பிட்டும் இடியப்பமும் அன்றாட உணவாகி நிலைபெற்றன. இதனைக் குறைகூறுதல் தகாது. விடியுமுன் உலக்கை பிடித்த தாய்மாரின் கைகளுக்கு இம்மாவே ஓய்வளித்தது.

ஆனால் 1990 இல் வழி அடைபட்டது. புகைவண்டி நின்றது, உப்பளமும் ஓய்ந்தது. மண்ணெண்ணெய் முதலாய பொருள்கள் தடைக்குள்ளாயின. அந்நாளில் விறகடுப்பும் ஒடியலும் மரவள்ளியுமே குடும்பங்களைத் தாங்கின. கசப்பு நீங்க ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுப் பிழியும் பக்குவத்தைப் பாட்டிமார் மறவாதிருந்தமையால், பிள்ளைகள் பசியாறினர்.

2014 இல் புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. எரிவாயு அடுப்பும் பொதியிலடைத்த தூள்களும் வீடுதோறும் வந்தன. எனினும், 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியுற்றபோது எரிவாயு கிடையாமல் மக்கள் மறுபடியும் விறகையே நாடினர். 2025 இல் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே. உப்பு நம் மண்ணில் விளைகின்றது. உலையிலிடும் ஏனையவற்றுள் எத்தனை நம்முடையவை?

போரிலே எண்ணற்ற பனைகள் வீழ்ந்தன. இன்று நடும் விதை காய்தரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். புதிய வசதிகளை நாம் வரவேற்போம். அத்துடன், ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளை அருகிருத்தி ஒடியற்கூழ் காய்ச்சுவோம். வேலியோரத்தில் ஒரு பனம்விதையும் ஊன்றுவோம். வழி அடைபடும் நாளில் வீட்டைக் காப்பது வீட்டிலுள்ள அறிவே.